ஓஸி ஸ்மித்: தோள் பலத்தை நம்பாத ஷார்ட்ஸ்டாப்

ஓஸி ஸ்மித் பெயரைச் சொன்னால் பேஸ்பால் பார்க்கிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பல்டிதான். சீசனின் முதல் ஆட்டத்தன்று ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு ஓடிவந்து, பின்பக்கமாக ஒரு பல்டி அடித்து நிற்பார். அரங்கம் அதிரும். அது ரசிகர்களுக்கான வேடிக்கை. 1978 முதல் 1996 வரை 19 சீசன்கள் அவர் பார்த்த வேலை அதைவிடச் சுவாரசியமானது, ஆனால் அதைப் பார்க்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

அமெரிக்க பேஸ்பாலின் உச்சமட்டமான மேஜர் லீக்கின் ஷார்ட்ஸ்டாப்கள் வரிசையில் ஸ்மித்தின் எறியும் கை அப்படியொன்றும் வலுவானதில்லை. 1985-ல் அந்தத் தோளில் காயமும் சேர்ந்துகொண்டது. அப்படியிருந்தும் ஷார்ட்ஸ்டாப்பாக 2,511 ஆட்டங்கள், 8,375 அசிஸ்ட்கள். ஒரு ஃபீல்டர் எறிந்து, இன்னொருவர் அதைப் பிடித்து அவுட் ஆக்கினால் எறிந்தவர் கணக்கில் விழுவது அசிஸ்ட். எறிவதையே பிழைப்பாகக் கொண்ட ஓர் இடத்தில், சுமாரான கையை வைத்துக்கொண்டு, இந்தச் சாதனையை எப்படித் தன் பெயரில் எழுதினார் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடலாம். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில், சற்றுப் பின்வாங்கி நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். ஸ்கோர் அட்டையில் அவர் எண் 6. வலதுகைக்காரர்கள் பந்தை இழுத்து அடித்தால் இந்தப் பக்கம்தான் வரும், வலதுகைக்காரர்களே அதிகம் என்பதால் வேலையும் அதிகம். தரையோடு வரும் பந்தை, அதாவது கிரவுண்டரை, எடுத்து, பேட்டர் முதல் பேஸைத் தொடும் முன் அங்கே சேர்க்க வேண்டும். கிரிக்கெட்டின் ரன் அவுட் போலத்தான், ஆனால் இங்கே அது எப்போதோ வாய்க்கும் அதிர்ஷ்டம் இல்லை, அன்றாட வேலை.

நேரக் கணக்கு இப்படி. பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் 27.43 மீட்டர். வேகமான ஓட்டக்காரருக்கு அதைக் கடக்கச் சுமார் 4.1 விநாடி போதும். நடுத்தர வேகக் கிரவுண்டர் ஷார்ட்ஸ்டாப்பிடம் வந்து சேரவே ஒன்றரை முதல் இரண்டு விநாடி ஆகிவிடும். எறிந்த பந்து 38 மீட்டர் போக ஒரு விநாடிக்குச் சற்று மேல். பிடித்து, கால் மாற்றி, கையை ஓங்குவதற்கு மிச்சம் இருப்பது ஒரு விநாடி சொச்சம். பந்து தடுமாறினால் அதுவும் போச்சு.

இதில் கையின் பங்கு எவ்வளவு? மணிக்கு 135 கிலோமீட்டரில் எறிபவருக்கும் 120-ல் எறிபவருக்கும் 38 மீட்டரில் வரும் வித்தியாசம் ஏறக்குறைய 0.13 விநாடி. அந்த நேரத்தில் ஓட்டக்காரர் ஒரு மீட்டருக்கு மேல் ஓடிவிடுவார். முதல் பேஸில் பல அவுட்கள் அரை அடியில் தீர்மானமாகின்றன என்னும்போது ஒரு மீட்டர் பெரிய கடன். அந்தக் கடனைத் தோளால் அடைக்க முடியாதவர் வேறு எங்காவது மிச்சம் பிடித்தாக வேண்டும்.

பிடிக்கக்கூடிய முதல் இடம், பந்து அடிபடுவதற்கு முன்பே இருக்கிறது. ஸ்மித் ஆடிய காலத்தில், பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர், பந்து வீசும் பிட்சருக்கு விரலால் காட்டும் சைகை ஷார்ட்ஸ்டாப்புக்கும் நன்றாகத் தெரியும். வரப்போவது வேகப் பந்தா, வளையும் பந்தா, உள்பக்கமா வெளிப்பக்கமா என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வலதுகை பேட்டருக்கு மெதுவான பந்து உள்பக்கம் வந்தால் இழுத்து அடிப்பார், ஆகவே மூன்றாம் பேஸ் பக்கம் எடை சாய வேண்டும். ஆனால் சீக்கிரம் நகர்ந்தால் எதிரணியின் பேட்டர் அதைப் படித்துவிடுவார். பிட்சர் கையிலிருந்து பந்து விடுபடும் கணத்தில்தான் அந்தச் சிறு அடி எடுத்துவைக்கப்படும். பந்து மட்டையில் படும்போது இரண்டு காலும் தரையைத் தொட்டிருக்க வேண்டும், எடை பாதத்தின் முன்பகுதியில். ஒரு கால் அந்தரத்தில் இருந்தால் அந்தத் திசைக்கு நேரெதிராகப் பந்து போகும்போது அடி தவறும்.

அடுத்தது பந்தை எங்கே சந்திப்பது என்பது. தரையில் குதித்து வரும் பந்தை இரண்டு இடங்களில் பிடிக்கலாம்: குதித்த மாத்திரத்தில், தரையை ஒட்டி, அல்லது குதி உச்சிக்குப் போய் இறங்கும்போது. இரண்டுக்கும் நடுவில், பந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது மாட்டிக்கொண்டால் எரர், அதாவது ஃபீல்டிங் தவறு, நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். புதியவர்கள் இதைக் கையால் சரிசெய்யப் பார்ப்பார்கள், முடியாது. ஓரடி முன்னே போவதா, அரையடி பின்வாங்குவதா என்பதைக் கால்தான் முடிவு செய்ய வேண்டும். க்ளவ் தரையில் தொடங்கி மேலே வர வேண்டும். மேலிருந்து கீழே இறக்கினால் பந்து காலிடுக்கில் போய்விடும்.

க்ளவ் சிறியதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அவுட்ஃபீல்டர்கள் 12.5 அங்குலத்துக்கு மேல் போட்டுக்கொள்ளும்போது, ஷார்ட்ஸ்டாப்களின் க்ளவ் பெரும்பாலும் 11.25 முதல் 11.75 அங்குலம்தான். குழி ஆழமாக இருந்தால் பந்து உள்ளே தங்கிவிடும், வலது கை தேடிக்கொண்டிருக்கும். எடுக்கும்போதே விரல்கள் தையலுக்குக் குறுக்கே அமர வேண்டும், அப்போதுதான் பந்து நேராகப் போகும். பக்கவாட்டில் கையை வீசி எறிந்தால் பந்து எறிபவரின் வலப்பக்கம் விலகும். ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து பார்க்கும்போது முதல் பேஸின் வலப்பக்கம் என்றால் ஹோம் பிளேட் பக்கம், அதாவது ஓடிவருகிறவரின் பாதை. பந்தை எட்டிப் பிடிக்கும் முதல் பேஸ்மேன் மீது ஓட்டக்காரர் மோதுவது இப்படித்தான். விலகப்போகும் தூரத்தையும் சேர்த்துக் குறிவைக்கத் தெரிந்தவர்தான் பக்கவாட்டில் எறியலாம். ஸ்மித்துக்குத் தெரியும்.

பிறந்தது 1954 டிசம்பர் 26, அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரத்தில். ஆறு வயதில் குடும்பம் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதிக்கு இடம் மாறியது. மல்லாந்து படுத்துக்கொண்டு பந்தை மேலே எறிந்து, கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கப் பார்ப்பது, வீட்டு சிமெண்ட் படியில் பந்தை அடித்துத் திரும்பி வருவதைப் பிடிப்பது, இவைதான் சிறுவயது விளையாட்டு. லாக் உயர்நிலைப் பள்ளியில் கூட ஆடியவர் எட்டி மர்ரி, பின்னாளில் 500 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லையைத் தாண்டும் அடி) தாண்டியவர். மர்ரியைப் பள்ளியிலிருந்தே தூக்கிக்கொண்டார்கள், ஸ்மித்தைத் தேடி யாரும் வரவில்லை. சான் லூயிஸ் ஒபிஸ்போவில் உள்ள கால் பாலி கல்லூரியில் சேர்ந்தார், இரண்டு பக்கமும் பேட் பிடிக்க அங்கேதான் கற்றார். 1977-ல் சான் டியாகோ பாட்ரெஸ் அணி அவரைப் புதியவர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் தேர்வின் நான்காம் சுற்றில் எடுத்தது, கையெழுத்துப் பணம் 5,000 டாலர்.

வாலா வாலா என்ற சிற்றூர் அணியில் 68 ஆட்டங்கள். மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான மைனர் லீக்கில் அனுபவம் மொத்தமே அவ்வளவுதான். அடுத்த ஏப்ரலில் மேஜர் லீக். 1974-ல் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வான பில் ஆல்மன்தான் அப்போது பாட்ரெஸின் ஷார்ட்ஸ்டாப். இந்த ஒல்லிப் பையனுக்காக அவரை மூன்றாம் பேஸுக்கு நகர்த்தினார்கள்.

ஏன் நகர்த்தினார்கள் என்பதற்கு 1978 ஏப்ரல் 20-ல் விடை கிடைத்தது. அட்லாண்டா பிரேவ்ஸின் ஜெஃப் பரோஸ் பந்தை நடுவே, இரண்டாம் பேஸை நோக்கி அடித்தார். ஸ்மித் இடப்பக்கம் ஓடி, பேஸுக்குப் பின்னால் நீளமாகப் பாய்ந்தார். பாய்ந்தாகிவிட்டது, க்ளவ் நீட்டியாகிவிட்டது, அந்த நேரம் பார்த்துப் பந்து தரையில் எதன் மீதோ பட்டு எதிர்த்திசையில், அவர் உடம்புக்குப் பின்னால் எகிறியது. அந்தரத்தில் இருந்தபடியே வெறும் வலது கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பந்தைப் பிடித்தார். தரையில் விழுந்து, உடனே எழுந்து, முதல் பேஸுக்கு எறிந்தார். அவுட். இந்த வீடியோவில் எல்லாரும் அந்த வெறுங்கைப் பிடியைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் அதற்கு அடுத்த அரை விநாடியைப் பார்க்கச் சொல்வேன். விழுந்த வேகத்தையே எழுவதற்குப் பயன்படுத்திக்கொள்கிறார். உடம்பைத் தரையில் நிறுத்தி, பிறகு எழவில்லை. பல்டி அடிக்கத் தெரிந்த உடம்புக்கு இங்கேதான் லாபம்.

1980-ல் ஒரே சீசனில் 621 அசிஸ்ட்கள். 1924-ல் க்ளென் ரைட் வைத்திருந்த 601 என்ற சாதனை உடைந்தது. சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு க்ளவ் விருது முதலில் கிடைத்ததும் அந்த ஆண்டுதான், அதன்பின் 1992 வரை தொடர்ந்து 13. கடைசி ஓரிரண்டு பெயருக்காகக் கிடைத்தவை என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். முதல் பத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பேட்டிங்தான் இடித்தது. 1979-ல் சராசரி .211 (ஆயிரம் வாய்ப்புக்கு 211 முறை அடித்துப் பேஸைப் பிடித்த கணக்கு), 1981-ல் .222. சம்பளத் தகராறும் சேர்ந்துகொண்டது. அவருடைய முகவர் பத்திரிகையில் ‘பகுதிநேர வேலை தேவை’ என்று விளம்பரமே கொடுத்தார். அணி உரிமையாளரின் மனைவி ஜோன் க்ரோக், தன் தோட்டக்காரருக்கு உதவியாளராக வரச் சொன்னார். இந்த லட்சணத்தில் உறவு எத்தனை நாள் தாங்கும்? அதே சமயம் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் கேரி டெம்பிள்டன் சொந்த ஊர் ரசிகர்களிடமே கையால் ஆபாசமாகச் சைகை காட்டிவிட்டு நின்றார். டெம்பிள்டன் ஸ்மித்தைவிட எத்தனையோ மடங்கு நல்ல பேட்டர். ஷார்ட்ஸ்டாப்புக்கு ஷார்ட்ஸ்டாப் மாற்றிக்கொள்ள இரண்டு அணிகளும் பேசின. ஸ்மித்தின் சம்மதமில்லாமல் அவரை மாற்ற முடியாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்ததால், கார்டினல்ஸ் மேலாளர் வைட்டி ஹெர்சாக் நேரில் சான் டியாகோ போய்ப் பேசிச் சம்மதிக்கவைத்தார். 1982 பிப்ரவரியில் கைமாறியது.

இந்த மாற்றத்தில் எல்லாரும் பேசுவது இரண்டு ஆட்களை. நான் தரையைப் பற்றிப் பேசுவேன். சான் டியாகோவில் புல்தரை, செயின்ட் லூயிஸின் புஷ் ஸ்டேடியத்தில் அப்போது செயற்கைப் புல். செயற்கைப் புல்லில் பந்து வேகமாக வரும், ஆனால் குதிப்பு ஒழுங்காக இருக்கும். வேகமாக வருவதால் ஷார்ட்ஸ்டாப் இன்னும் பின்னால் நிற்கலாம். பின்னால் நின்றால் இரண்டு பக்கமும் எட்டும் தூரம் கூடுகிறது. ஆனால் எறிய வேண்டிய தூரமும் கூடுகிறதே? அதற்கு ஒரு வழியை சின்சினாட்டியின் டேவ் கன்செப்சியோன் ஏற்கெனவே காட்டியிருந்தார்: முதல் பேஸுக்கு முன்னால் ஒரே ஒரு குதி விழும்படி எறிவது. செயற்கைப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு போகும், வேகம் பெரிதாகக் குறையாது. உயரமாக வளைத்து எறிந்தால் ஆகும் நேரத்தைவிட இது குறைவு. தோளுக்கும் மிச்சம். குதி முதல் பேஸ்மேனுக்கு மூன்று நான்கு மீட்டர் முன்னே விழுந்தால் இடுப்புயரத்தில் வரும். காலடியில் விழுந்தால் அவர் பாடு திண்டாட்டம். 1982-ல் அந்த முனையில் நின்றவர் கீத் ஹெர்னாண்டஸ், அந்த இடத்தின் மிகச் சிறந்த ஃபீல்டர்களில் ஒருவர். அந்த ஆண்டு கார்டினல்ஸ் மொத்தமே 67 ஹோம் ரன்கள்தான் அடித்தார்கள். மில்வாக்கியை ஏழு ஆட்டங்களில் வென்று, சாம்பியன் யாரென்று முடிவாகும் உலகத் தொடரையும் எடுத்தார்கள்.

இரண்டாம் பேஸ்மேன் டாம் ஹெருடன் சேர்ந்து செய்த டபுள் ப்ளேக்கள், அதாவது ஒரே அடியில் இருவரை அவுட் ஆக்குவது, தனியாகப் பார்க்க வேண்டியவை. முதல் பேஸில் ஆள் இருந்தால், அவர் அடிக்குக் காத்திராமல் அடுத்த பேஸைத் திருட ஓடும்போது இரண்டாம் பேஸைக் காப்பது யார் என்று ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் முடிவாக வேண்டும். இதற்கு வழக்கமான முறை, க்ளவ்வை முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டு வாயால் காட்டுவது. வாய் மூடியிருந்தால் ‘நான் போகிறேன்’, திறந்திருந்தால் ‘நீ போ’. எதிரணிக்கு க்ளவ்தான் தெரியும். இருவரும் ஒரே நேரத்தில் பேஸை நோக்கி ஓடினால் இரண்டு பக்கமும் திறந்துகிடக்கும், பேட்டர் அந்த ஓட்டையில் தட்டிவிடுவார்.

பந்தை ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்குக் கொடுக்கும்போது, நான்கு மீட்டருக்குள் என்றால் மணிக்கட்டை மடக்காமல் கீழிருந்து தள்ளிவிட வேண்டும். பந்தை க்ளவ்விலிருந்து சீக்கிரம் வெளியே எடுத்துக் காட்டுவது முக்கியம், இல்லாவிட்டால் வாங்குபவர் கண்ணுக்குப் பந்து கடைசி நொடியில்தான் தெரியும். தூரம் அதிகமென்றால் குனிந்த நிலையிலேயே பக்கவாட்டில் எறிய வேண்டும். நிமிர்ந்தால் அங்கே கால் விநாடி போகும். பேஸில் வாங்கி எறியும் வேலை என்றால், வழுக்கிக்கொண்டு வரும் ஓட்டக்காரரின் காலுக்குத் தப்ப வேண்டும். ஷார்ட்ஸ்டாப்புக்கு ஓட்டக்காரர் கண்முன் தெரிகிறார் என்பது ஒரு வசதி. ஸ்மித் ஆடிய காலத்தில் பேஸைச் சரியாகத் தொடாமல் பக்கத்தில் தொட்டாலே நடுவர்கள் அவுட் கொடுத்துவிடுவார்கள், காலை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்று. 2015-ல் ஷார்ட்ஸ்டாப் ரூபன் டெஹாடாவின் கால் இப்படியொரு மோதலில் உடைந்தபின் 2016-ல் வழுக்கும் விதி கடுமையாக்கப்பட்டது, அந்தச் சலுகையும் முடிவுக்கு வந்தது. ஸ்மித்தின் மொத்த டபுள் ப்ளேக்கள் 1,590. ஓமர் விஸ்கெல் பின்னால் வந்து 1,734-க்குப் போனார்.

பேட்டிங்குக்கு ஹெர்சாக் கொடுத்த மருந்து ஒரு பந்தயம். தூக்கி அடித்தால் நீ எனக்கு ஒரு டாலர், தரையோடு அடித்தால் நான் உனக்கு ஒரு டாலர். சீசன் முடிவில் ஹெர்சாக் கிட்டத்தட்ட 300 டாலர் கொடுக்க வேண்டி வந்ததாகச் சொல்வார்கள். செயற்கைப் புல்லில் இந்த வேகமான ஆள் தரையோடு அடிப்பதுதான் புத்தி. சராசரி 1985-ல் .276, 1986-ல் .280, 1987-ல் .303. அந்த 1987-ல் ஒரு ஹோம் ரன் கூட இல்லை, ஆனால் 40 டபுள் (இரண்டு பேஸ் தூரம் கொடுத்த அடி), 43 திருட்டு, 75 ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்). தேசிய லீக்கின் மதிப்புமிக்க வீரர் தேர்வில் 49 ஹோம் ரன் அடித்த ஆண்ட்ரே டாசனுக்கு அடுத்த இடம். மொத்த வாழ்க்கையில் வாக் (பிட்சரின் நான்கு தவறான பந்துகளால் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) 1,072, ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) 589.

பந்தயத்தை மீறிய ஓர் அடி உண்டு. 1985 அக்டோபர் 14, டாட்ஜர்ஸுக்கு எதிரான தேசிய லீக் இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டம், 2-2, ஒன்பதாம் இன்னிங்ஸ். டாம் நீடன்ஃபியூர் வீசிய பந்தை இடதுகையால் வலப்பக்கச் சுவருக்கு மேல் அடித்து ஆட்டத்தை முடித்தார். மேஜர் லீக்கில் அதுவரை இடதுகையால் 3,009 அட்-பேட் (பேட்டிங் வாய்ப்பு) ஆடியிருந்தார், ஒரு ஹோம் ரன் கூட இல்லை.

அந்த அடியின்போதே தோள் கெட்டுப்போயிருந்தது என்பது அப்போது வெளியே தெரியாது. ஜூலையில் பாட்ரெஸுக்கு எதிராக, முதல் பேஸுக்குத் திரும்பிப் பாய்ந்ததில் வலது தோளின் சுழல் தசையில் காயம். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தார். வெளியே தெரிந்தால் எதிரணி ஓட்டக்காரர்கள் துணிந்துவிடுவார்கள், அதனால் வாயைத் திறக்கவில்லை. கதவைத் திறப்பது, ரேடியோ போடுவது என்று எறிவதைத் தவிர எல்லாவற்றையும் இடது கையால் செய்தார். தோளைச் சுற்றிய தசைகளை எடைப் பயிற்சியால் தேற்றினார். அந்த ஆண்டின் உலகத் தொடருக்குப் பிறகு மேக்கி ஷில்ஸ்டோன் என்ற பயிற்சியாளரை வைத்துக்கொண்டு உடம்பையும் ஏற்றினார்.

தோள் வலித்தால் எறிபவர்கள் செய்யும் வழக்கமான தப்பு, முழங்கையைத் தாழ்த்தி, பந்தைத் தள்ளிவிடுவது. பந்து போகும், ஆனால் முழங்கை கெடும். ஸ்மித் எடுத்தது வேறு வழி: எறிவதற்கு முன் உடம்பு ஏற்கெனவே முதல் பேஸை நோக்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். பந்தை நேர்கோட்டில் சந்திக்காமல் சற்று வலப்பக்கமாகச் சுற்றிவந்து எடுத்தால், பிடிக்கும்போதே எடை இடப்பக்கம், அதாவது முதல் பேஸ் பக்கம் நகர்கிறது. பிடித்த காலடியே எறியும் முதல் காலடி. மீதி வேகத்தை மணிக்கட்டு தருகிறது. மூன்றாம் பேஸ் பக்கத்து ஓட்டையில் போய்ப் பின்கையால் எடுக்கும்போது மட்டும் இந்த வசதி கிடையாது, உடம்பு எதிர்த்திசையில் போகிறது. அங்கே அவர் நின்று ஊன்றி எறிவதைக் குறைத்து, ஒரு குதி எறிதலை நம்பினார்.

1991-ல், 36 வயதில், 150 ஆட்டங்களில் எட்டே எரர். தேசிய லீக் ஷார்ட்ஸ்டாப்களில் அன்றைக்கு அது சாதனை. 1992-ல் 2,000-வது ஹிட், 500-வது திருட்டு. 1995-ல் தோள் ஒருவழியாகக் கத்திக்குப் போனது, 44 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது, சராசரி .199. அடுத்த ஆண்டு புதிய மேலாளர் டோனி லா ரூசா, ராய்ஸ் க்ளேட்டனுக்கு இடத்தைப் பாதிக்கு மேல் கொடுத்தார். 82 ஆட்டங்களில் .282 அடித்த ஸ்மித்துக்கு அது பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. அந்த சீசனோடு முடித்துக்கொண்டார். கார்டினல்ஸ் அவருடைய 1-ஆம் எண் சட்டையை, இனி யாரும் அணியாதபடி, ஓய்வுபெற வைத்தார்கள். 2002-ல் முதல் வாய்ப்பிலேயே 91.7 சதவீத வாக்குடன் பேஸ்பாலின் பெருமைக் கூடமான ஹால் ஆஃப் ஃபேம்.

விஸ்கெல் அதிக ஆட்டம் ஆடினார், டபுள் ப்ளேயில் முந்தினார். 8,375 அசிஸ்ட் மட்டும் அசையவில்லை. இனி அசையும் என்றும் தோன்றவில்லை, அதற்கு ஷார்ட்ஸ்டாப்களின் தரம் காரணமல்ல. 1980-ல் ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்குச் சராசரியாக ஐந்துக்கும் குறைவான ஸ்ட்ரைக் அவுட்கள் விழுந்தன, இப்போது எட்டுக்கு மேல். இருப்பவர்களும் பந்தைத் தூக்கி அடிக்கவே பழகியிருக்கிறார்கள். தரையோடு வரும் பந்தே குறைந்துவிட்டது. ஆண்டுக்கு 400 அசிஸ்ட் எடுக்கிற ஷார்ட்ஸ்டாப் இன்று முதல் வரிசை ஆள். அவரும் விடாமல் 21 ஆண்டுகள் அதையே எடுக்க வேண்டும்.